தினமும் நடக்கிறேன், ஆனாலும் தடுமாறுகிறேன்

கேள்வி: எனக்கு 62 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். தினமும் காலையில் சில்வர் பீச் பக்கம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். மெட்ஃபார்மின் மாத்திரையில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் நின்றபடி பேன்ட் போட்டால் தடுமாறுகிறேன். தரையிலிருந்து எழுவதும் சிரமம். தெரிந்தவர்களின் பெயர்கூட மறக்கிறது. நடையை ஒரு மணி நேரமாகக் கூட்டலாமா? என் மனைவிக்கு வீட்டு வேலையே பயிற்சியாகிவிடாதா?

பதில்: நேரத்தைக் கூட்ட வேண்டாம் ஐயா. அதே முக்கால் மணியில் கால் மணியை வேறு அசைவுகளுக்குக் கொடுங்கள்.

அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதியும் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் பி12 அளவையும் பாத உணர்ச்சியையும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. தேவனாம்பட்டினம் கரையில் தூண்டில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் குத்தினாலும் தெரியாது.

நடை வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் முதியவர்கள் 120 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு காலம் விறுவிறுவென்று நடந்தவர்களுக்கு நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடைதான் முதல் மருந்து. ஆனால் சமமான சாலையில், ஒரே வேகத்தில், முன்பக்கமாக மட்டும் நடக்கும்போது மூளைக்குக் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. பழகிய அசைவைச் சிறுமூளையும் தண்டுவடமும் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் வேறு எதையோ யோசித்தபடி வீடு வந்து சேர்ந்துவிடுகிறீர்கள். பக்கவாட்டில் உடம்பைத் தாங்கும் இடுப்புத் தசைகளுக்கும் பெரிய வேலை இல்லை. வயதானவர்களின் இடுப்பெலும்பு பெரும்பாலும் பக்கவாட்டில் விழும்போதுதான் முறிகிறது என்பதால், இந்தக் குறையை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

ஒற்றைக் காலில் நிற்கக் கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள் மூன்றும் சேர்ந்து மூளைக்குச் செய்தி சொல்ல வேண்டும். சமையல் மேடையைத் தொட்டபடி ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். முதலில் முழுக் கை, பிறகு இரண்டு விரல், பிறகு கையை மேலே எடுத்துவிட்டு 10 விநாடி. அது கைவந்த பிறகு தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு மேடையைப் பிடித்தபடியே பக்கவாட்டில் பத்து அடி போய்த் திரும்புங்கள். பின்னோக்கி நடப்பது, ஈர மணலில் நடப்பது எல்லாம் அடுத்த மாதம், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது.

தரையிலிருந்து எழுவதைப் பலரும் பலப்பரீட்சையாக்கிவிடுகிறார்கள். மெதுவாகச் செய்யுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்து கை ஊன்றுங்கள். பிறகு முட்டி போட்டு, ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழுங்கள். அருகில் கனமான நாற்காலி இருக்கட்டும். இப்போது மறுபக்கம். எந்தப் பக்கம் மூச்சைப் பிடிக்கிறீர்கள், எந்தத் தோள் இறுகுகிறது என்று கவனியுங்கள். முழங்கால் காயத்தோடு போராடிய இயற்பியலாளர் மோஷே ஃபெல்டன்கிரைஸ் தன் முறையை இப்படிப்பட்ட மெதுவான, கவனமான அசைவின் மீதுதான் கட்டினார். முக்கி எழும்போது இந்தச் சின்ன வேறுபாடுகள் தெரியாமல் போகின்றன. முட்டி வலித்தால் தரையை விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள்.

மறதிக்கு வருகிறேன். நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே குறைந்த மறதிநோய் அபாயத்தோடு சேர்ந்து காணப்பட்டது. நடனம்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் தாளம், அடவு, எதிரில் இருப்பவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய வேலை அது. கோலாட்டமும் அப்படித்தான். எதிராளி அடிக்கும் பந்தும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். புதுச்சேரி ஆசிரமத்து அன்னை எண்பது வயதை ஒட்டியும் டென்னிஸ் ஆடிவந்தார். உங்களுக்குப் பேரப்பிள்ளையோடு பந்து எறிந்து பிடிப்பதே போதும். இடது கையாலும் பிடியுங்கள். எளிதாகிவிட்டால் ஆட்டத்தை மாற்றுங்கள்.

பெயர் மறப்பது வயதோடு வருவதாக இருக்கலாம். பழகிய தெருவில் வழி தப்பினாலோ, வழக்கமான வரவு செலவுக் கணக்கு குழம்பினாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, தலை சுற்றினாலோ பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள்.

உங்கள் மனைவியின் வீட்டு வேலை நிச்சயமாக அசைவுதான். குனிந்து, நகர்ந்து, புள்ளி எண்ணிப் போடும் கோலத்தை நான் உயர்வாகவே மதிக்கிறேன். புதுக் கோலமாகவும் பெரியதாகவும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் மூச்சு வாங்கும் அளவு வேலை அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. ஆகவே காலை அடுப்பில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டு அவரையும் நடைக்கு அழைத்துப் போங்கள். சமையல்கட்டில் உங்களுக்கும் குனிந்து நிமிர்ந்து எட்டி எடுக்க நிறைய இருக்கிறது.