முதுகில் விழும் வட்டங்கள்: கப்பிங் பற்றி வாசகர் கேள்விகள்

தோலில் சிறு கப்புகளைக் கவிழ்த்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, தோலையும் சதையையும் மேலே இழுக்க வைப்பதுதான் கப்பிங் சிகிச்சை. அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தோள்பட்டை இறுக்கத்துக்கு கப்பிங் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். இதுவரை செய்துகொண்டதில்லை. உள்ளே போனால் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

முதலில் சிகிச்சை செய்பவர் உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, தோல் நோய் உண்டா, கர்ப்பமா என்று எதையும் விசாரிக்காமல் நேராகப் படுக்கச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். லேசாகச் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துப் போவது நல்லது. பசியோடு படுத்தவர்களுக்குத்தான் நடுவில் வியர்த்துக் கொட்டி மயக்கம் வரும். முதுகில் முடி அடர்த்தியாக இருந்தால் கப் ஒட்டாது, காற்று கசிந்து விழுந்துவிடும். அதற்காக அன்று காலையில் சவரம் செய்யாதீர்கள். பிளேடு பட்ட சிறு கீறல்களின் மேல் கப் வைக்கக் கூடாது. கத்தரித்துக் குறைத்தால் போதும்.

குப்புறப் படுக்க வைத்து, கையால் அழுத்தி, எங்கே இறுக்கம் என்று பார்ப்பார்கள். லேசாக எண்ணெய் தடவி, மூன்று முதல் ஐந்து கப் வைப்பார்கள். முதல் தடவைக்கு அதற்கு மேல் தேவையில்லை. பம்ப் வைத்த பிளாஸ்டிக் கப் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இழுப்பு போதும். தோல் கப்புக்குள் சற்றே மேடாக எழும்பும். அப்போது தோன்ற வேண்டியது சதையைப் பிடித்துத் தூக்குவது போன்ற இறுக்கமான இழுப்பு. ஒரு நிமிடத்தில் அது பழகிவிடும். சுருக்கென்று குத்தினாலோ, எரிந்தாலோ, கை மரத்தாலோ உடனே சொல்லுங்கள். "பொறுத்துக்கோங்க, அப்பத்தான் பலன்" என்று சொல்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். பம்ப் கப்பின் தலையில் இருக்கும் வால்வைச் சற்றுத் தூக்கினாலே இழுப்பு குறைந்துவிடும், அதற்கு ஒரு நொடி ஆகாது.

கப்பை அசைக்காமல் வைப்பது முதல் முறைக்கு ஐந்து நிமிடம், பழகியவர்களுக்குப் பத்து நிமிடம் வரை. எண்ணெயை நன்றாகத் தடவி, குறைந்த இழுப்பில் கப்பை முதுகுத்தண்டின் இரு பக்கமும் மேலும் கீழும் நகர்த்துவது இன்னொரு வகை. மசாஜ் என்று கேட்டுப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். இரண்டிலும் முதுகெலும்பின் மேலேயோ, தோள்பட்டை எலும்பின் விளிம்பிலோ கப் உட்காரக் கூடாது. எலும்பின் மேல் சதை இல்லாததால் வலிதான் மிஞ்சும்.

கேள்வி: வட்டம் எவ்வளவு கறுப்பாக விழுகிறதோ அவ்வளவு நச்சு வெளியேறியது என்று சொல்கிறார்களே?

இல்லை. அந்த வட்டம் ரத்தக்கட்டு, அவ்வளவுதான். இழுப்பில் தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் வெடித்து, ரத்தம் கசிந்து அங்கேயே தங்குகிறது. இழுப்பு கூடினால், நேரம் கூடினால், அல்லது உங்கள் தோல் மெல்லியதாக இருந்தால் நிறம் கூடும். ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் மூன்று நிமிடம் வைத்தால் இளஞ்சிவப்பு, பத்து நிமிடம் வைத்தால் கருஞ்சிவப்பு. இதில் நச்சின் அளவு எங்கே வந்தது? உடம்பின் கழிவை வெளியேற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த ஊதா வட்டங்களை உலகமே பார்த்தது. அதன் பிறகு கறுத்த வட்டமே நல்ல சிகிச்சைக்கு அடையாளம் என்ற எண்ணம் பரவிவிட்டது. சில இடங்களில் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தவே இழுப்பைக் கூட்டுகிறார்கள். இது எங்களுக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் அடுத்த படி கொப்புளம். அளவுக்கு மீறி இழுத்தாலோ, பதினைந்து, இருபது நிமிடம் விட்டுவிட்டாலோ தோல் நீர் கோத்துக்கொள்ளும். அப்படி வந்தால் உடைக்காதீர்கள், சுத்தமான துணிக்கட்டுப் போட்டு விட்டுவிடுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சாதாரண வட்டம் சில நாளில் பழுப்பாகி, மஞ்சளாகி, மறையும். சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். தொட்டால் லேசாக வலிக்கலாம். அது மறையாமல் அதே இடத்தில் மறுபடி கப் வைக்க விடாதீர்கள். இடையில் வேறு எதற்காவது மருத்துவரிடம் போனால் வட்டங்களைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், அடிபட்ட காயம் என்று அவர் குழம்ப வேண்டாம்.

கேள்வி: உண்மையில் வலி குறையுமா?

நாள்பட்ட கழுத்து வலி, இடுப்பு வலி உள்ளவர்களில் சிலருக்குக் கொஞ்ச காலம் குறைகிறது. ஆய்வுகள் காட்டுவது அவ்வளவே. கப் இழுக்கிறதா இல்லையா என்பது படுத்திருப்பவருக்கே தெரிந்துவிடுவதால், போலிச் சிகிச்சையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது கடினம். அதனால் இருக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. மூன்று, நான்கு முறை செய்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் பணத்தை அதில் போடாதீர்கள். குறைந்தால், அந்தக் குறைந்த நாட்களில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். பயிற்சி இல்லாமல் கப்பை மட்டும் நம்பினால் இறுக்கம் திரும்பி வரும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இதய அடைப்புக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு. மூட்டு வலிக்கு கப்பிங் செய்யலாமா?

வேண்டாம். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக்கட்டு பெரிதாகப் பரவும், சீக்கிரம் ஆறாது. இதற்காக மாத்திரையை இரண்டு நாள் நிறுத்துவது அதைவிட ஆபத்து. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த கால் என்றால், இழுப்பு அதிகம் என்பதே அவருக்குத் தெரியாது. வயதானவர்களின் தோலும், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் தோலும் எளிதில் கிழியும்.

ரத்தம் உறையாத நோய், தட்டணுக்கள் குறைவு, காலில் ரத்த உறைவு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். நரம்புச் சுருட்டு, புண், வெயிலில் வெந்த தோல், எக்ஸிமா உள்ள இடங்களில் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வயிறும் கீழ் முதுகும் கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் எங்கே காயம் படுகிறதோ அங்கே புதுத் திட்டு கிளம்பலாம், ஆகவே மொத்தமாகவே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: நெருப்பு கப்பிங்தான் அசல் என்கிறார்கள். பம்ப்பில் செய்வது பலவீனமா?

இழுப்பு இழுப்புதான். நெருப்பு முறையில், ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சைக் கொளுத்தி, கண்ணாடிக் கப்புக்குள் ஓரிரு நொடி காட்டி, வெளியே எடுத்து, உடனே கப்பைத் தோலில் கவிழ்ப்பார்கள். உள்ளே சூடான காற்று ஆறும்போது அழுத்தம் குறைந்து தோலை இழுக்கிறது. தோலுக்குச் சூடு பட வேண்டியதில்லை. பஞ்சைப் பிழியாமல் ஸ்பிரிட் சொட்டினாலும், சுடர் விளிம்பைச் சுட்டாலும் தீக்காயம்தான். எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பிறகு திருத்தவும் முடியாது, கப்பை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். முதல் தடவைக்கு பம்ப் கப்பையே கேளுங்கள்.

கேள்வி: தோலைக் கீறி, கப் வைத்து ரத்தம் எடுக்கும் ஹிஜாமாவில் ஜெல்லி மாதிரி கட்டியாக வந்ததைக் காட்டி, கெட்ட ரத்தம் என்றார்கள். பார்த்ததும் பயந்துவிட்டேன்.

பயப்பட எதுவும் இல்லை. உடம்பை விட்டு வெளியே வந்த எந்த ரத்தமும் சில நிமிடங்களில் உறைந்து கட்டியாகும். நல்ல ரத்தத்தின் இயல்பே அது.

நீங்கள் பார்க்க வேண்டியது பிளேடை. உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், கையுறை புதிதாக இருக்க வேண்டும், கீறும் முன்னும் பின்னும் கிருமிநாசினி தடவ வேண்டும். ரத்தம் பட்ட பிளாஸ்டிக் கப் அன்றோடு குப்பைக்குப் போக வேண்டும். கழுவி எடுத்து வைப்பதைப் பார்த்தால் அங்கே செய்யாதீர்கள், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் இந்த வழியில் தொற்றக்கூடியவை. கீறல் மேல் தோலோடு நிற்க வேண்டும், தையல் போடும் ஆழம் போகக் கூடாது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. அடிக்கடி செய்பவர்கள் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: செய்து முடித்ததும் குளிக்கலாமா, ஜிம்முக்குப் போகலாமா?

அன்று ஒரு நாள் கொதிக்கும் நீர், நீராவிக் குளியல், கடும் பயிற்சி வேண்டாம். சில மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். ஹிஜாமா என்றால் மறுநாள் வரை கீறலை நனைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டிலேயே சிலிக்கான் கப் வைத்துக்கொள்ளலாமா?

ஆரோக்கியமாக இருப்பவர் தொடையிலும் கெண்டைக்காலிலும் வைக்கலாம். மூன்று நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், வைத்தபடி தூங்கிவிடாதீர்கள். எடுக்கும்போது பிடுங்காமல், விளிம்பின் ஓரத்தில் விரலால் தோலை அழுத்தினால் காற்று புகுந்து தானே கழன்றுவிடும். கழுத்தின் முன்பக்கம், தொடை இடுக்கு, முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் வைக்கவே கூடாது. பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே தோலுக்கு அருகில் ஓடுகின்றன.

கேள்வி: இடுப்பு வலி காலுக்கு இறங்குகிறது, பாதம் மரத்துப் போகிறது. எத்தனை தடவை கப்பிங் செய்ய வேண்டும்?

ஒரு தடவையும் வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு அழுந்தியிருக்கிறதா என்பதை கப் சொல்லாது. விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, உடல் எடை தானாகக் குறைவதோடு வரும் வலி ஆகியவற்றுக்கும் இதுவே பதில். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, இரு தொடைகளின் உட்பக்கம் மரத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.