வாசகர் கேள்வி பதில்: பவானி தேவியும் மூன்று வாள்களும்

கேள்வி: தமிழ்நாட்டு வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி, தோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியவர். பதக்கமும் பெறவில்லை. அப்படியிருக்க, அவரைச் சாதனையாளர் என்று கொண்டாடுவது நம்மவர் என்ற பாசத்தினால் மட்டும்தானா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: பாசமும் கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னை வண்ணாரப்பேட்டையில் ஒரு கோயில் அர்ச்சகரின் மகளாக 1993இல் பிறந்த பெண், இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஹங்கேரியரும் தலைமுறை தலைமுறையாகக் கோலோச்சிய விளையாட்டில் ஒலிம்பிக் மேடையேறினார் என்றால் நமக்குப் பெருமிதம் வரத்தான் செய்யும். ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தோக்கியோவை மட்டும் வைத்து அவரை அளந்தால், ஒலிம்பிக்கில் வாள் ஏந்திய முதல் இந்தியர் என்ற சிறப்புக்கு மேல் சொல்வதற்கு அதிகம் இல்லை. 2021 ஜூலை 26 அன்று முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று எளிதாக வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். தோற்றதற்காக அவர் சமூக ஊடகத்தில் நாட்டு மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். புருனே உலகின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு தேவையற்றதாகவே பட்டிருக்கும்.

தோக்கியோவுக்கு அவர் தகுதிபெற்ற விதமும் சற்று விசித்திரமானது. குழுவாகத் தகுதிபெறும் நாடுகளின் வீரர்கள் தனிநபர் பிரிவிலும் இடம்பெற்றுவிடுவார்கள். எஞ்சிய சில தனிநபர் இடங்களே வட்டார வாரியாக, தரவரிசைப்படி மற்ற நாட்டவருக்குக் கிடைக்கும். 2021 மார்ச்சில் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகக் கிண்ணக் குழுப் போட்டியில் தென்கொரியா, ஹங்கேரியைத் தோற்கடித்தபோதுதான் ஆசிய, ஓசியானிய வட்டாரத்திற்கான தனிநபர் இடம் ஒன்று திறந்து, தரவரிசைப்படி பவானியின் இடம் உறுதியானது. தாம் ஆடாத ஓர் ஆட்டத்தின் முடிவில் அவருடைய ஒலிம்பிக் கனவு நிறைவேறியது. அந்தத் தரவரிசையில் நீடிப்பதற்காக அவர் ஊர் ஊராகச் சென்று ஆடிய ஆண்டுகளோ எந்தச் செய்தியிலும் தலைப்பாக வந்ததில்லை.

என்னைக் கேட்டால், அவருடைய வாழ்வின் உச்சம் தோக்கியோ அன்று. 2023 ஜூன் மாதம் சீனாவின் வூசி நகரில் நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டிதான். அங்கே காலிறுதியில் அவரை எதிர்கொண்டவர் ஜப்பானின் மிசாகி எமுரா. அதற்கு முந்தைய ஆண்டு கெய்ரோவில் உலக வெற்றியாளர் பட்டத்தைக் கைப்பற்றியவர் அவர். அதுவரை பவானியிடம் தோற்றதே இல்லை. அன்று பவானி 15-10 என்று வென்றார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் சைனாப் தாயிபெக்கோவாவிடம் 14-15 என்று ஒரே ஒரு புள்ளியில் இறுதிச்சுற்று நழுவியது. ஒலிம்பிக்கைப் போல் அன்றி, ஆசியப் போட்டியில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு என்பதால், ஆசிய வெற்றியாளர் போட்டியில் இந்தியாவின் முதல் வாள்வீச்சுப் பதக்கம் அவர் கழுத்தில் ஏறியது. நடப்பு உலக வெற்றியாளரை நேருக்கு நேர் வீழ்த்துவதற்குப் பாசத்தால் எந்த நடுவரும் புள்ளி கொடுப்பதில்லை. ஆனால் அந்தச் செய்தி தோக்கியோவின் தோல்வி பேசப்பட்ட அளவில் பாதிகூடப் பேசப்படவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

இதற்கு இடைப்பட்ட பாதையையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பை முடித்ததும் வீட்டை விட்டுக் கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுப் போட்டிகளுக்கான செலவைச் சமாளிக்கத் தாயார் நகைகளை அடகு வைத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற முடியாமல் போனபின், இத்தாலியின் லிவோர்னோ நகருக்குச் சென்று நிக்கோலா சனோட்டி என்ற பயிற்றுவிப்பாளரிடம் கற்றார். அடுத்த ஆண்டே ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் தங்கம்; 2018இல் கேன்பராவிலும் 2022இல் லண்டனிலும் காமன்வெல்த் வெற்றியாளர் போட்டிகளில் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு அவர் தகுதிபெறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தொலைக்காட்சியில் பார்க்கும்போது இருவரின் விளக்கும் ஒரே நேரத்தில் எரிகிறது, ஆனால் ஒருவருக்குத்தான் புள்ளி தருகிறார்கள். இது என்ன கணக்கு? (பிடோக் வாசகர்)

பதில்: வாள் எதிராளியின் மீது பட்டதும் எரிவதே அந்த விளக்கு. நீங்கள் பார்த்தது சேபர் அல்லது ஃபாயில் ஆட்டமாக இருந்திருக்க வேண்டும். வாள்வீச்சில் மூன்று வாள்கள் உள்ளன. ஃபாயிலில் வாளின் முனையால் மட்டுமே, அதுவும் உடற்பகுதியில் மட்டுமே தொட வேண்டும். கையிலோ காலிலோ பட்டால் பயனில்லை. எப்பே வாளில் தலை முதல் கால்வரை எங்கு தொட்டாலும் புள்ளி; இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் இருவருக்குமே புள்ளி. பவானியின் வாளான சேபரில் இடுப்புக்கு மேலே தலை, கை உட்பட எங்கும் தொடலாம். முனையால் குத்தலாம், விளிம்பால் வெட்டவும் செய்யலாம். குதிரைப்படை வாளின் வழிவந்தது அது.

உங்கள் ஐயத்திற்கான விடை முன்னுரிமை என்ற விதியில் இருக்கிறது. சேபரிலும் ஃபாயிலிலும் தாக்குதலைத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. எதிராளி அந்த வாளைத் தன் வாளால் தடுத்துவிட்டால் உரிமை கைமாறி, அவருடைய பதிலடிக்கு மதிப்பு வந்துவிடும். இரண்டு விளக்குகளும் எரிந்தால், உரிமை யாரிடம் இருந்தது என்று நடுவர் தீர்மானிப்பார். சேபரில் இவை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால், புதிதாகப் பார்ப்பவர் வாளைப் பார்ப்பதைவிட நடுவரின் கைச்சைகையைப் பார்ப்பது நல்லது. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று: பெண்கள் ஃபாயில் 1924 முதலே ஒலிம்பிக்கில் இருந்தாலும், பெண்கள் சேபர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் நுழைந்தது. பவானி பள்ளியில் வாள்வீச்சைத் தொடங்கியதும் அதே 2004இல்தான்.

கேள்வி: முதல் வெளிநாட்டுப் போட்டியிலேயே பவானி தேவி வெளியேற்றப்பட்டார் என்கிறார்களே, உண்மையா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: உண்மைதான். 14 வயதில் துருக்கியில் நடந்த போட்டியில், மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை காட்டப்பட்டது. வாள்வீச்சில் கறுப்பு அட்டை என்றால் போட்டியிலிருந்தே நீக்கம்.

கேள்வி: என் மகன் ஈராண்டுகளாகச் சிலம்பம் பயில்கிறான். அவனுக்கு வாள்வீச்சு எளிதாக வருமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: மணிக்கட்டின் நெகிழ்வு, எதிராளியின் தோளைப் பார்த்து அடியை ஊகிப்பது, தூரத்தைக் கணிப்பது ஆகியவை நிச்சயம் உதவும். கால்கள்தான் சிக்கல். சிலம்பத்தில் வட்டமாகச் சுழன்று நான்கு திசையிலும் அடிவைக்கப் பழகியவன், வாள்வீச்சில் 14 மீட்டர் நீளமும் சுமார் ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்ட குறுகிய பாதையில் முன்னும் பின்னும் மட்டுமே நகர வேண்டும். சேபரிலோ முன்னேறும்போது பின்கால் முன்காலைத் தாண்டினால் அதற்கே தண்டனை உண்டு. சில மாதங்கள் அவனுக்குக் கைகளைக் கட்டிப் போட்டது போல் இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பவானியும் தொடக்கத்தில் மூங்கில் குச்சிகளை வைத்துத்தான் பழகினார் என்பது அவனுக்குப் பிடித்த செய்தியாக இருக்கலாம். அது மரபுக்காக அன்று. வாள்கள் விலை அதிகம் என்பதால் அவற்றைப் போட்டிக்கென ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

கேள்வி: தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள் வாள்வீச்சு கற்க வேண்டும் என்கிறாள். செலவு அதிகமாகும் என்று பயமாக இருக்கிறது. சிங்கப்பூரில் இதற்கு எதிர்காலம் உண்டா? எந்த வாளைத் தேர்ந்தெடுப்பது? (ஈசூன் வாசகி)

பதில்: எதிர்காலம் பற்றிய ஐயம் 2021 ஏப்ரலில் ஓரளவு தீர்ந்துவிட்டது. தாஷ்கெண்டில் நடந்த வட்டாரத் தகுதிச்சுற்றில் ஃபாயில் பிரிவில் அமிதா பெர்த்தியேவும் எப்பே பிரிவில் கிரியா திக்கனாவும் வென்று, தோக்கியோவில் சிங்கப்பூருக்காக வாள் ஏந்தினார்கள். 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளின்போது காலாங்கில் வாள்வீச்சை நேரில் பார்த்த பிள்ளைகள் பலர் இன்று இளம் பெரியவர்கள்; அவர்களில் சிலராவது பயிற்சிக்கூடங்களில் இருப்பார்கள்.

செலவு பற்றிய பயம் நியாயமானது. முகக்கவசம், மேலங்கி, உள்ளங்கி, கையுறை, மின்கடத்தும் மேற்சட்டை, இணைப்புக் கம்பி, வாள் என்று பட்டியல் நீளும். வளரும் பிள்ளைக்கு அங்கி ஈராண்டில் சிறிதாகிவிடும். ஆகவே பணம் கட்டும் முன், தொடக்கநிலை மாணவர்களுக்கு உபகரணங்களை இரவல் தருவார்களா என்று பயிற்சிக்கூடத்தில் தயங்காமல் கேளுங்கள். கையுறையை மட்டும் முதலில் சொந்தமாக வாங்கிவிடலாம். அடுத்தவர் வியர்வையில் கைவிட எந்தப் பிள்ளையும் விரும்பாது. மகள் இடக்கைப் பழக்கம் உடையவள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கியின் திறப்பு மறுபக்கம் இருக்க வேண்டும்.

எந்த வாள் என்பதற்கு அவசரப்பட வேண்டாம். அருகில் நல்ல பயிற்றுவிப்பாளர் எதைக் கற்றுத்தருகிறாரோ அதில் தொடங்கட்டும். பவானியின் பள்ளியில் ஆறு விளையாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அவருடைய முறை வருவதற்குள் மற்ற ஐந்திலும் இடம் நிரம்பிவிட்டிருந்தது.