சிகுஉன்சாய் மொத்தம் நான்கு பேர்: மூங்கில் கலை வாங்கும் முன்

கேள்வி: ஒசாகாவில் மூன்று வருடமாக இருக்கிறோம். ஷிதென்னோஜி கோயில் சந்தையில் பழைய மூங்கில் பூக்கூடை ஒன்றைப் பார்த்தேன். அடியில் எழுத்து செதுக்கியிருக்கிறது, மரப்பெட்டியும் உண்டு. சிகுஉன்சாய் செய்தது, 2,20,000 யென் என்கிறார் கடைக்காரர். அதே வாரம் ஒரு கேலரியில் இன்றைய கலைஞர் ஒருவரின் மூங்கில் சிற்பம் கண்ணில் பட்டது. பூ, பழம் எதையும் வைக்க முடியாத, அலை போலச் சுருண்ட உருவம். விலை மூன்று மடங்கு. இரண்டில் ஒன்றுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். எதை வாங்கலாம்? இன்னும் இரண்டு வருடத்தில் சென்னை திரும்புகிறோம், அங்கே மூங்கில் தாங்குமா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது.

பதில்: கூடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடைக்காரர் "சிகுஉன்சாய்" என்றதும் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "எத்தனையாவது சிகுஉன்சாய்?"

ஒசாகாவுக்குப் பக்கத்திலுள்ள சகாய் நகரத்துத் தனாபே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் தொழிற்பெயர் அது. முதலாமவர் 1877இல் பிறந்து 1937இல் மறைந்தார். அவருடைய மகன் இரண்டாம் சிகுஉன்சாய் 1910இல் பிறந்தவர். 1991இல் பெயரைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டு, 2000இல் இறக்கும் வரை இச்சிகுசாய் என்ற பெயரில் வேலை செய்தார். மூன்றாமவர் 2014இல் காலமானார். 1973இல் பிறந்த நான்காமவர் 2017இல் பெயரேற்று இன்றும் வேலை செய்கிறார். ஆக, அடியில் இருக்கும் அதே மூன்று ஜப்பானிய எழுத்துக்குப் பின்னால் நான்கு கைகள். விலையும் நான்கு விதம்.

கையெழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் முடைந்திருக்கும் விதம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். முதலாமவர் சீனப் பாணியில் நெருக்கமாக, கனமாக முடைவார். ஒசாகா, சகாய் பக்கத்தில் செஞ்சா என்ற இலைத்தேநீர் விருந்துகளில் சீனப் பொருட்களுக்குத் தனி மதிப்பு இருந்த காலம் அது. பழைய அம்புத் தண்டுகளைச் சேர்த்து அவர் செய்த கூடைகளும் பெயர் பெற்றவை. இரண்டாமவர் கை லேசானது, ஆமை ஓட்டைப் போன்ற அறுகோணக் கண்கள் விட்டு வெளிச்சம் ஊடுருவும்படி செய்வார். மூன்றாமவருக்கு நேர்கோடும் சதுரமும் பிடிக்கும். இதெல்லாம் பொதுப்போக்கு, சட்டம் இல்லை. நெருக்கமாக முடைந்த கூடை எல்லாம் முதலாமவருடையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது பெட்டி. பெரும்பாலும் கிரி என்ற லேசான மரத்தில், அந்த ஒரு கூடைக்கென்றே அளவெடுத்துச் செய்வார்கள். கலைஞரே மூடியில் பொருளின் பெயரையும் தன் பெயரையும் தூரிகையால் எழுதி முத்திரை வைத்திருந்தால் அது தோமோபாக்கோ, கூடவே பிறந்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் செய்ததுதான் என்று பிற்பாடு மகன் எழுதிக் கொடுத்த பெட்டிகளும் உண்டு. அவையும் நல்ல சான்றுதான், ஆனால் மதிப்பு ஒரு படி குறைவு. ஜப்பானில் பெட்டி போன கூடை பத்திரம் தொலைந்த நிலம் மாதிரி. அதனாலேயே நல்ல பெட்டிக்குள் வேறு கூடையைப் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். ஆரம்ப நாட்களில் ஒரு பழம்பொருள் கடையில் பெட்டி எழுத்தின் அழகில் மயங்கி வாங்கிவந்த கூடை, வீட்டில் திருப்பி உள்ளே வைத்தபோது ஒரு விரல் அளவு சாய்ந்தே உட்கார்ந்தது. கைப்பிடி மூடியில் இடித்தது. பிறகுதான் உறைத்தது. அந்தக் கூடை இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் வெங்காயம் வைத்திருக்கிறோம்.

எனவே கடையிலேயே கூடையைப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். ஆடாமல், இடிக்காமல் உட்கார வேண்டும். அப்புறம் கூடையைக் கவிழ்த்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். பழைய மூங்கில் தேன் நிறத்துக்கும் மேலே கறுத்திருக்கும். செதுக்கிய எழுத்தின் பள்ளமும் அதே அளவு மங்கியிருக்க வேண்டும். பள்ளம் மட்டும் வெளிறித் தெரிந்தாலோ, எழுத்துள்ள பிளாச்சு (பிளந்து சீவிய மூங்கில் பட்டை) மட்டும் பக்கத்துப் பிளாச்சுகளோடு நிறம் சேராமல் இருந்தாலோ, வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பிரம்புக் கட்டு ஓரிடத்தில் அவிழ்ந்திருந்தால் பயமில்லை, அதைக் கட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். விளிம்பிலோ கைப்பிடியிலோ மூங்கிலே முறிந்திருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே ஒதோஷி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பதற்கான உட்குழாய் அது, பெரும்பாலும் ஒரு மூங்கில் துண்டுதான். கூடையில் நேராகத் தண்ணீர் படவே கூடாது.

இனி சிற்பம். மூன்று மடங்கு விலை எதற்கு என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் தெரிகிறது.

மூங்கில் மரமில்லை, புல். மரத்துக்கு நடுவில் பாயும் வைரம் இதற்கு வெளிப்பக்கம் பாய்ந்திருக்கும். இந்தக் கலை முழுக்க அந்தப் புறணியை நம்பித்தான். இலையுதிர் கால முடிவிலும் குளிர்காலத்திலும், தண்டில் சர்க்கரைச்சத்து குறைந்திருக்கும்போது, மூன்று நான்கு வயதான மதாகே மூங்கிலை வெட்டுவார்கள். காரநீரில் கொதிக்கவைத்தோ அனலில் வாட்டியோ எண்ணெயை வெளியேற்றி, தந்த நிறம் வரும் வரை வெயிலில் காயவைப்பார்கள். பிறகு பிளப்பது, உள்சதையைச் சீவித் தள்ளுவது, பக்கத்துக்கு ஒன்றாக நட்ட இரண்டு கத்திகளுக்கு நடுவே இழுத்து எல்லாப் பிளாச்சுகளையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவருவது, ஓரத்தின் கூர்மையை மழிப்பது. சில படைப்புகளில் பிளாச்சின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போகும். முடைய உட்காரும்போதே வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். நீங்கள் பார்த்த அலையில் ஆணி இல்லை. பிரம்புக் கட்டையும் சில இடத்துப் பசையையும் தவிர்த்தால், வளைத்த மூங்கில் நிமிரத் துடிப்பதும் அதன் மேல் படிந்த இன்னொரு பிளாச்சு அதை விடாமல் பிடிப்பதும்தான் அந்த உருவத்தை நிறுத்தி வைத்திருக்கின்றன.

கூடை எப்போது சிற்பமானது? தன் கூடையில் முதன்முதலில் பெயர் செதுக்கியவர் என்று ஒசாகாவின் முதலாம் ஹயகாவா ஷோகோசாயைச் சொல்வார்கள். 1815 முதல் 1897 வரை வாழ்ந்தவர். அதற்கு முன் கூடை செய்தவர் பெயரை யாரும் கேட்டதில்லை. கியூஷூ தீவிலுள்ள பெப்புவின் ஷோனோ ஷோவுன்சாய் 1956இல் "தோதோ", அதாவது கொந்தளிக்கும் அலை, என்றொரு படைப்பைச் செய்தார். உங்கள் கேலரி அலைக்கு அதைத் தாத்தா முறை என்று சொல்லலாம். 1967இல் மூங்கில் கலையில் முதல் ஆளாக அவருக்கு "வாழும் தேசியச் செல்வம்" என்ற அரசுத் தகுதி கிடைத்தது.

ஆனாலும் ஜப்பானியர் அப்போதும் பூ வைக்கத்தான் கூடை வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தேநீர்க் கூடமும் பூ அலங்காரமும் வீடுகளில் சுருங்கிக்கொண்டே வர, வாங்குவோரும் குறைந்தார்கள். எதுவும் வைக்க முடியாத மூங்கிலுக்குக் காசு கொடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். நியூட்ரோஜீனா சோப்பு நிறுவனத்தை நடத்திய லாய்டு காட்சன் சேர்த்த 800க்கும் மேற்பட்ட கூடைகள் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2000இல் அவர் மூங்கில் கலைக்கென்றே ஒரு பரிசும் ஏற்படுத்தினார். முதல் பரிசு ஷிசுவோகாவின் நகாகுரா கெனிச்சிக்குப் போனது. அரக்கோடு மண்ணையும் குழைத்து மூங்கிலின் மேல் பூசி, அதைத் தோண்டியெடுத்த பொருள் போல மாற்றிவிட்ட ஆள் அவர். 2017இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆபி என்ற அமெரிக்கத் தம்பதி சேர்த்த மூங்கில் தொகுப்பைக் காட்சிக்கு வைத்தபோது, நம் நான்காம் சிகுஉன்சாய் அங்கே போய் முறுக்கிய தூண் போன்ற ஒரு வாயிலை முடைந்தார். கோச்சி மாவட்டத்துச் சுசாகியில் விளையும், புலித்தோல் போல் புள்ளி விழுந்த மூங்கில் அது. கண்காட்சி முடிந்ததும் பிரித்து, அதே பிளாச்சுகளை அடுத்த ஊருக்கு எடுத்துப்போவது அவர் பழக்கம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று உண்டு. அந்த ஆபி தொகுப்பு 2019இல் ஒய்தா, தோக்கியோ, ஒசாகா என்று ஜப்பானுக்கே விருந்தாளியாக வந்தது. பிறந்த வீட்டுக்காரர்கள் டிக்கெட் எடுத்து வரிசையில் நின்று பார்த்தார்கள்.

இந்தக் கதை உங்கள் பணப்பைக்கும் ஒன்று சொல்கிறது. வாங்குவோர் வட்டம் சிறியது, பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. சென்னையிலிருந்து இதைத் திரும்ப விற்பது லேசில்லை. "முதலீடு" என்று கேலரியில் யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, எது? என்னைக் கேட்டால் சிற்பம். கூடையை இரண்டு வரியில் வர்ணித்தீர்கள், சிற்பத்தை "அலை போல" என்றீர்கள். மனசு எங்கே போயிருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, செய்தவர் உயிரோடு இருக்கிறார். எந்த மூங்கில், எந்த வருடம், சாயமா இயற்கை நிறமா, மேலே அரக்கு உண்டா, படைப்பின் பெயர் என்ன என்றெல்லாம் கேட்டு எழுதி வாங்கலாம். அவர் கையாலேயே பெட்டி எழுதித் தரச் சொல்லலாம். சந்தைக் கூடையில் இந்தச் சந்தேகங்களைத் தீர்க்க உங்களைவிட இருபது வருடம் அதிகம் பார்த்த கண் வேண்டும். ஆனால் உடனே பணம் கட்டாதீர்கள். அதே கலைஞரின் இன்னும் நான்கைந்து படைப்புகளையாவது பாருங்கள். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் கலைத்தளங்களில் தனிக் கண்காட்சிகள் நடக்கும். இலையுதிர் காலத்தில் தொடங்கி ஊர் ஊராகப் போகும் ஜப்பான் பாரம்பரியக் கைவினைக் கண்காட்சியில் மூங்கிலும் உண்டு. நான்கு நாள் லீவு கிடைத்தால் பெப்புவுக்கே போய்விடுங்கள். நகராட்சியின் மூங்கில் கைவினை அருங்காட்சியகமும், மூங்கில் வேலைக்கென்றே மாநில அரசு நடத்தும் பயிற்சிப் பள்ளியும் உள்ள ஊர். தோக்கியோவில் சிற்பக்கலை படித்த நான்காம் சிகுஉன்சாயும் அந்தப் பள்ளிக்கு வந்து முடைதல் கற்றவர்.

சென்னைக்கு வருவோம். மூங்கிலுக்குக் கடற்காற்றைவிட அதிகக் கெடுதல் ஏசியின் நேர்க்காற்றும் ஜன்னல் வெயிலும். பகலெல்லாம் புழுக்கம், இரவெல்லாம் ஏசி என்று மாறி மாறிப் பட்டால் பிளாச்சு சுருங்கி விரிந்து கட்டு தளரும். உட்சுவர் ஓரமாக, ஏசி முகத்தில் அடிக்காத இடமாகப் பாருங்கள். மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பதறாமல் நிழலில் காற்றாட வைத்து, மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வரும் ஆசாரி "ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சிடலாம்மா" என்பார், அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். தூக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். துருத்திக்கொண்டிருக்கும் வளைவைப் பிடித்துத் தூக்கினால் அதுதான் முதலில் போகும்.

பயப்பட வேண்டியது வண்டுக்குத்தான். நம் ஊர் மூங்கிலை உளுக்கவைக்கும் சின்ன வண்டு இதையும் விடாது. ஜப்பானில் பதப்படுத்திய மூங்கிலில் வாய்ப்பு குறைவு. பழைய விவசாய வீட்டு அடுப்புப் புகையில் நூறு வருடம் ஊறிய சுசுதாகே என்றால் இன்னும் குறைவு. சிற்பத்துக்குக் கீழே கறுப்புத் தாள் விரித்து மாதம் ஒருமுறை பாருங்கள். மாவு கொட்டியிருந்தால் உடனே பாலிதீன் பையில் இறுகக் கட்டி, மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துப் பூச்சியைக் கொல்வது அவர்கள் வழக்கம். வீட்டு ஃப்ரீசரில் நீங்களே முயல வேண்டாம், அரக்கு பூசியிருந்தால் வெடிக்கலாம்.

கொண்டுவரும்போது கேலரி பில்லில் "மூங்கில் கூடை" என்று எழுதவிடாதீர்கள். சுங்கப் பட்டியலில் முடைந்த கூடைச் சாமான் 4602ஆம் தலைப்பிலும், அசல் சிற்பம் 9703ஆம் தலைப்பிலும் வருகிறது. கலைஞர் பெயர், படைப்பின் பெயர், வருடம், "அசல் சிற்பம், ஒரே பிரதி" என்ற விவரங்களோடு பில்லும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு, கிளம்பும் முன்பே ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

பூனைக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை. நகம் தீட்ட இதைவிட நல்ல பொருள் அதற்குக் கிடைக்காது. அக்ரிலிக் கூண்டு ஒன்று செய்துகொள்ளுங்கள், அடியில் காற்றுப் போக நாலு துளை விட்டு. கூண்டு மேலே ஏறி அது உட்காரும். அதற்குத் தகுந்த கனத்தில் செய்யச் சொல்லுங்கள்.