குகை ஓவியத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உயர்நிலை ஒன்றில் படிக்கும் உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. கரியால் வரைந்திருந்தால், அதிலுள்ள கார்பனை வைத்து வயதைக் கணிக்கும் கார்பன் முறை உதவும். செங்காவியோ கார்பன் இல்லாத மண்பொடி, அதில் இந்த முறை பலிக்காது. அதனால் ஓவியத்தின்மேல் படிந்த சுண்ணாம்புப் படலத்தை ஆராய்கிறார்கள். கசியும் நீரோடு வரும் துளி யுரேனியம் காலப்போக்கில் தோரியமாக மாறும். இரண்டின் விகிதம் படலத்தின் வயதைச் சொல்லிவிடும். படலம் ஓவியத்துக்குப் பிறகு வந்ததுதானே? ஆகவே கிடைப்பது குறைந்தபட்ச வயது.

சிங்கப்பூருக்கு அவ்வளவு தூரமில்லாத இந்தோனேசியத் தீவான சுலாவேசியில், லியாங் கரம்புவாங் குகையின் பன்றி ஓவியத்துக்கு 2024இல் வெளியான கணக்கு: குறைந்தது 51,200 ஆண்டுகள்! அருகிலேயே மனித உருவங்களும் உண்டு.

அர்த்தம் சொல்வதுதான் கடினம். வேட்டையா, கதையா, சடங்கா? எந்த உருவம் எதன்மேல் வரையப்பட்டது, குகையில் எந்த விலங்கின் எலும்பு கிடைக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் பூர்வகுடி மக்களிடமே கேட்கலாம். ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய பேறு இல்லை என்பேன்.