பிட்ஸ் (வலிப்பு) மாத்திரை நரம்ப என்ன பண்ணுது? கேட்டவுகளுக்கு பதில்

காரைக்குடில மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னாடி 26 வருஷமா நிக்கிறேன், 17 வயசுலருந்து நானே பிட்ஸ் மாத்திரை போடுறவன். டாக்டர் இல்ல, அதனால டோஸ் கேக்காதீங்க, மத்தத கேளுங்கன்னு சொல்லிருந்தேன். வந்த கேள்வி இதுக, கேட்டவுக ஊர் பேரோட.

தேவகோட்டை: அண்ணே, மகனுக்கு 4 வருஷமா பெனிடாயின். நரம்பெல்லாம் செத்துப்போகும்னு சொல்றாக, நெசமா?

சாகாது தம்பி. நம்ம செட்டிநாட்டு வீட்டுல முகப்புல நின்னா வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி வரைக்கும் வாசல் நேரா தெரியும்ல, நரம்பு செல்லுலயும் சோடியம் உள்ள வர்றதுக்கு அந்த மாதிரி குட்டிக்குட்டி வாசல் இருக்கு. தெறந்தா சிக்னல் ஓடும், ஒடனே மூடிக்கிட்டு கொஞ்சம் ஓய்வெடுக்கும். பிட்ஸ் வர்றப்ப ஒரு கூட்டம் செல்லு ஓய்வே இல்லாம தெறந்து மூடி தெறந்து மூடி பக்கத்துல உள்ளதையும் கெளப்பிவிட்டுரும். பெனிடாயின் என்ன பண்ணுதுன்னா மூடுன வாசல இன்னுங் கொஞ்ச நேரம் மூடியே பிடிச்சுக்கிருது. சும்மா போறவன் வர்றவனுக்கு தடையில்ல, கல்யாணக் கூட்டம் முட்டுறப்பதான் தடை. 1912லருந்து இருந்த பீனோபார்பிடோன் ஆள தூங்க வச்சு வச்சே பிட்ஸ அடக்கும், 1938ல பெனிடாயின் வந்தப்பதான் அவ்வளவு தூக்கமில்லாமயும் அடக்கலாம்னு தெரிஞ்சுச்சு.

ஆனா ஒண்ணுமே பண்ணாதுன்னு சொன்னா பொய். ரொம்ப வருஷம் போட்டா சிலருக்கு கால் நரம்பு மந்தமாகும், ஈறு வீங்கும், எலும்பும் வலுக்குறையும். மகன பல்லு ஒழுங்கா வெளக்கச் சொல்லு, பல் டாக்டர்ட்டயும் காமிச்சுக்க.

புதுவயல்: பெனிடாயின் 300 மில்லிகிராம்லருந்து 400 ஆக்கிட்டா சீக்கிரம் கட்டுப்படும்ல? நாங்களே ஏத்திக்கலாமா?

கூடவே கூடாது. ஒருநா ஒருத்தர் கடைக்கு வந்தாரு, நடை தள்ளாடுது, நாக்கு கொழறுது, ரூவா நோட்ட எண்ணி வைக்க முடியல. பகல்லயே போட்டுட்டு வந்துட்டாருன்னு பக்கத்துல நின்னவுக முனங்குறாக. ஓரமா பாருங்கன்னேன், கருமுழி ரெண்டும் வெட்டி வெட்டி துடிக்குது. குடியில்ல, பெனிடாயின் ஓவர். கல்லீரல் ஒரு அளவுக்கு மேல இத கரைக்காது, அதனால மாத்திரை மூணுல ஒரு பங்கு கூடுனா ரத்தத்துல ரெட்டிப்பாகூட ஆயிரும். ரத்தத்துல ஒரு மில்லிக்கு 10லருந்து 20 மைக்ரோகிராமுக்குள்ள இருக்கணும்பாக, 20 தாண்டுனா கண்ணு துடிக்கும், 30 தாண்டுனா நடை போயிரும். அந்தளவு ஏறி ஏறி எறங்குனா சிறுமூளை சுருங்குறதும் உண்டு. ரத்தம் பாத்துட்டு டாக்டர்தான் ஏத்தணும்.

பள்ளத்தூர்: தம்பி, வால்ப்ரோயேட் போட ஆரம்பிச்சதுலருந்து கை நடுங்குது. பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போட்டேன், இழையெல்லாம் நெளிஞ்சு கெடக்கு. வாதமா?

இல்ல ஆச்சி, மாத்திரைதான். மூளைல காபான்னு பிரேக் மாதிரி ஒரு ரசாயனம் இருக்கு, வால்ப்ரோயேட் அத கூட்டிவிடும், இன்னும் ரெண்டு மூணு வேலையும் பாக்கும். நடுக்கம் டோஸ் கூடக்கூட கூடும், கொறச்சா பெரும்பாலும் கொறையும். அந்தக் கோலத்த போட்டோ எடுத்து டாக்டர்ட்ட காட்டுங்க, நீங்க வாயால சொல்றதவிட அவருக்கு அதுல நல்லா வெளங்கும். தூக்கமா தூங்கி வழிஞ்சு பேச்சு குழப்பமானா மட்டும் காத்திருக்காதீங்க, ரத்தத்துல அம்மோனியா ஏறியிருக்கலாம், அன்னைக்கே போங்க. வீட்டுல கல்யாணத்துக்கு இருக்க பொண்ணுக யாரும் இதே மாத்திரை போட்டா கர்ப்பத்துக்கு முன்னாடியே டாக்டர்ட்ட பேசச் சொல்லுங்க. வயித்துப் பிள்ளையோட முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் இது பாதிக்கும்.

கோட்டையூர்: லெவெட்டிராசெட்டம் போட்டதுலருந்து வீட்டுக்காரரு தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுறாரு.

தெரிஞ்ச விஷயம்தான் தங்கச்சி, அவரு குணம் மாறல. பிட்ஸ நல்லாவே அடக்குற மருந்து, ஆனா சிலருக்கு கோவத்தையும் சோர்வையும் கெளப்பும். சாகணும்போல இருக்குன்னு பேசுனா மட்டும் ஒடனே டாக்டர்.

குன்னக்குடி: நாதஸ்வரம் கத்துக்கிறேன். கார்பமாசெபின் ஆரம்பிச்ச வாரத்துலருந்து சுருதிப்பெட்டி அரைக்கட்டை எறங்கி கேக்குது, வாத்தியாரு என்னத் திட்டுறாரு.

இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், ஏன்னா கடையில யாரும் நம்ப மாட்டாக! கார்பமாசெபின் அபூர்வமா சிலருக்கு காதுல விழுற சுருதிய அரை ஸ்வரம் போல எறக்கிக் காட்டும், ஜப்பான்ல நெறையப் பேருக்கு பதிவாகியிருக்கு. பெட்டி சரியாத்தான் இருக்கு, வாத்தியாரும் சரிதான். டாக்டர் மருந்த மாத்துனா பழையபடி கேக்கும், நீங்களா நிறுத்தாதீங்க. ஒடம்புல தடிப்பு வந்தா மட்டும் அன்னைக்கே போயிரணும்.

கானாடுகாத்தான்: ஈஈஜி நார்மல்னு வந்துருச்சு, குளோபசாம் நிறுத்திரலாமா?

ஈஈஜிங்கிறது மூளையோட மின் அலைய பதியிற சோதனை, அது பாக்குறது அரைமணி நேரந்தான், அந்த அரைமணில மூளை அமைதியா இருந்துச்சுன்னுதான் அர்த்தம். குளோபசாம் போடுறவுக ஈஈஜில வேகமான சின்ன அலைகளும் தெரியும், அது நோயில்ல, மருந்தோட ரேகை. திடீர்னு நிறுத்துனா அடக்கி வச்சதெல்லாம் சேந்து எந்திரிக்கும். அடுத்த தடவ தலைக்கு எண்ணெய் வைக்காம சீயக்காய் போட்டு அலசிட்டு போங்க, எண்ணெய்த் தலைல எலெக்ட்ரோடு ஒட்டாது.

தேவகோட்டை (வேற ஒருத்தர்): தைப்பூசத்துக்கு பழனி நடக்கலாமா ஐயா?

நானே ரெண்டு தடவ நடந்திருக்கேன் அப்பு. மொதத் தடவ ராத்திரியெல்லாம் காவடியோட நடந்து தூக்கமே இல்ல, மாத்திரை பையி சாமான் வண்டில போயிருச்சு, மறுநா சிங்கம்புணரி தாண்டி ரோட்டோரம் விழுந்தேன். ரெண்டாந் தடவ மாத்திரைய இடுப்புல கட்டுனேன், ராத்திரி ஆறு மணிநேரம் படுத்தேன், கூட வந்த ரெண்டு பேருட்ட வெவரத்த சொல்லி வச்சேன். டாக்டரக் கேட்டுட்டு கெளம்புங்க.