ஆட்டின்ர ஈசிஜியும் எங்கட கடல் திமிங்கிலமும்

மருத்துவ ஆய்வுக்கு வளர்த்த ஆடு, பன்றிகளின்ர இதயத் துடிப்பை ஈசிஜியில, அதாவது இதயத்தின்ர மின்சாரத்தைக் கோடாக் காட்டுற மெஷினில, பதிஞ்சுதான் என்ர வேலைக்காலம் போனது. இப்ப ஓய்வெடுத்து திருகோணமலை உவர்மலையில இருக்கிறன். உங்கட கேள்வியளைக் கேளுங்கோ. முதலிலயே ஒன்று: மனிசருக்குச் செய்த மெஷின் தாளில அடிச்சுத் தாற விளக்கத்தை மிருகத்துக்கு நம்பாதேங்கோ.

தம்பலகாமம், கால்நடை மாணவி: சேர், ஆட்டின்ர கால்களில கிளிப் போட்டால் கோடு சின்னனா வருது. என்ன பிழை?

உங்களில பிழையில்லை, பிள்ளை. மனிசரிலயும் நாயிலயும் மின்சாரம் கொண்டுபோற பேர்கின்ஜி நார் இதயத்தின்ர உள்தோலோட நிண்டுவிடும். ஆடு, மாடு, குதிரை, பன்றியில அது தசைக்குள்ள ஆழமா இறங்கும். கீழறை முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில கிளம்பி, எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று தின்னும். மிச்சம்தான் கால்களில தெரியுது. ஒரு கிளிப்பை வலப்பக்கக் கழுத்து நாளப் பள்ளத்தில, மற்றதை இடது முழங்கைக்குப் பின்னால நெஞ்சில போடுங்கோ. மயிரை வழிச்சு ஸ்பிரிட் தடவி, றப்பர் விரிப்பில நிப்பாட்டுங்கோ. அசைபோடுறதும் தாளில விழும், பொறுங்கோ. பெரிய அலை கீழ்நோக்கி வரும். அதைப் பார்த்து மெஷின் மாரடைப்பெண்டும் அடிக்கும், சொன்னனான்தானே.

மூதூர்: ஏன் பன்றி? நாய் காணாதோ?

நாயில இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற ஒரு குழாய் அடைச்சால் பக்கக் கிளைகள் இரத்தம் கொடுத்துவிடும். பன்றியில அந்தக் கிளைகள் மிகக் குறைவு. மாரடைப்பைப் படிக்க அதுதான் தோது.

கிண்ணியா: ஆட்டால என்ன கண்டுபிடிச்சவை?

1995இல நெதர்லாந்தில ஆடுகளின்ர மேலறையைத் திரும்பத் திரும்பத் தூண்டித் துடிப்பைக் குழப்பினவை. முதல்ல அந்தக் குழப்பம் சில நொடியில தானா நிண்டுது. நாள் போகப் போக, ஒரு நாளைத் தாண்டியும் நிக்கேல்லை. குழப்பமே குழப்பத்தை வளர்க்குது எண்டு அதிலதான் தெளிவானது. எங்கட கூடத்தில ஒருநாள் கோடு நேரா ஓடினது. ஆடு போச்செண்டு எல்லாரும் ஓடினம். அது வயரைச் சப்பிக்கொண்டு நிண்டது!

உப்புவெளி: மாட்டுக்கு ஸ்மார்ட் வாட்ச் கட்டலாமோ?

அது தோலுக்குள்ள வெளிச்சம் அடிச்சுத்தான் துடிப்பை எண்ணும். மயிரும் தடிச்ச தோலும் வெளிச்சத்தை விடாது. வேண்டாம்.

சல்லி, மீனவர்: நீலத் திமிங்கிலத்துக்கு நிமிசத்துக்கு 2 துடிப்பாம் எண்டு என்ர மகன் சொல்றான். புளுகு!

நிலாவெளி, படகுக்காரர்: அண்ணை, நான் வாசிச்சது 30க்கு மேல.

ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதேங்கோ. கலிபோர்னியாவின்ர மொன்டெரே விரிகுடாவில உறிஞ்சு கிண்ணம் வைச்ச கருவியை ஒட்டி அளந்து, 2019இல வெளியிட்டவை. ஆழத்தில பெரும்பாலும் 4 தொடக்கம் 8, ஆகக் குறைஞ்சது 2. மேல வந்து மூச்செடுக்கேக்க 25 தொடக்கம் 37. மகன் ஆழத்தைச் சொல்றான், தம்பி மேற்பரப்பைச் சொல்றார்.

சல்லி: அப்ப எங்கட கடல்ல வாறதுக்கும் ஒட்டலாமே?

அனுமதி இல்லாமல் கிட்டவும் போகாதேங்கோ.

அனுராதபுரச் சந்தி: சேர், எருமைக்கு ஸ்மார்ட் வாட்ச்…

மாட்டுக்குச் சொன்னதுதான்!