அவருக்கு என்ன முறை?

அன்புள்ள ஐயா,

தனக்கு ஆண்கள்மேல்தான் விருப்பம் என்று என் தம்பி தீபாவளிக்கு வந்தபோது சொல்லிவிட்டான். கோயில் கமிட்டியில் இருக்கும் மாமா இது நம் சமயத்துக்கே ஆகாது என்கிறார். நான் ஏற்றுக்கொண்டேன். ஊருக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றேன். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டாளியையும் அழைத்து வருகிறானாம். அரவான், சிகண்டி கதைகளைச் சொல்லி மாமாவிடம் வாதாடலாமா?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாராளமாக வாதாடுங்கள், ஜெயித்தும் விடுவீர்கள். ஐயப்பனை அரிகரபுத்திரன் என்று பாடித்தானே மாமாவே மாலை போடுகிறார்? தோற்ற பிறகும் தம்பியோடு ஒரே பந்தியில் அவர் உட்காரப்போவதில்லை. அப்புறம், சிகண்டியை ஏன் இழுக்கிறீர்கள்? திருநங்கையர், திருநம்பியர் பாடு வேறு. உங்கள் தம்பி ஆணாகவே இருந்து ஆணை விரும்புகிறவன். இதுகூடப் புரியாமல் வக்கீல் வேலைக்குக் கிளம்பாதீர்கள்.

மாமா சமயம் என்று நினைப்பதில் பாதி, 'இயற்கைக்கு மாறான' உறவு குற்றம் என்று வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய 377ஆவது பிரிவு. அது கடல் தாண்டி இங்கே மலேசியாவுக்கும் வந்தது. இந்தியாவில் வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பது 2018இலிருந்து குற்றமில்லை. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ-வை சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் நீக்கியது. நம் நாட்டில் இன்னும் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. பயந்து தம்பி வாயை மூடிக்கொண்டால் அது அவன் முடிவு. நீங்கள் மூடச் சொன்னது யாருக்காக?

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கடைசி லயத்தில் இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். 'கூட்டாளிங்க' என்போம். பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டினார்கள். ஒருவர் கரகம் எடுப்பவர். அவர் எடுத்தால்தான் ஆத்தா இறங்குவாள் என்பார் என் பாட்டி. எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் பேசியதில்லை. நீங்கள் கேட்பதும் அதைத்தானே?

கரகக்காரர் செத்துப்போனார். கூட்டாளி தலையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு கொள்ளி வைக்க வந்து நின்றார். "உங்களுக்கு அவர் என்ன முறை?" என்று கேட்டோம். கேட்டோம் என்ன, கேட்டதே நான்தான். கோயில் கமிட்டிக்குப் புதுச் செயலாளர், 24 வயசுத் திமிர். கிள்ளானிலிருந்து அண்ணன் மகன் ஒருவனை வரவழைத்தோம். அவனுக்குச் சித்தப்பாவின் முகமே நினைவில்லை. இவர் மொட்டைத் தலையோடு ஒதுங்கி நின்றார். முறை சொல்ல அவரிடம் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்துவிட்டார். தன் நிரையை முடித்துவிட்டு, வெயில் ஏறிப் பால் நின்றுபோகும் நேரத்தில், அடுத்த நிரையிலும் பால் பிடிக்கும் மங்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். வேலையை மேற்பார்க்கும் தண்டல் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

பங்குனி உத்திரத்தன்று வாசலில் மாமா "யார் இந்தப் பையன்?" என்று கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.